மலையில் பாண்ட்பாஸ் பெட்டி: குழாயை வெட்டுவதா, நீட்டுவதா?

ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வாகனங்கள் பலவற்றின் பின்பகுதியில் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒரு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்தே ஏறுகிறது. தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கு ஒலி அமைப்பவர்களும், முச்சக்கர வண்டிக்குப் பாட்டுப் பெட்டி பூட்டுபவர்களும் கீழ்நாட்டில் நன்றாக வேலை செய்த பெட்டியின் அளவுகளைக் குறித்து வந்து, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அதேபோல அடித்துப் பார்க்கிறார்கள். பிறகு முறைப்பாடு வருகிறது. கீழே நெஞ்சில் இடித்த சத்தம் இங்கே முனகலாகிவிட்டது என்பார்கள். அதற்கு ஆயத்தமான விளக்கமும் உண்டு: மலையில் காற்று மெல்லியது, ஆகவே பெட்டியின் ஒலி வெளிவரும் குழாயை இரண்டு அங்குலம் வெட்டு.

காற்று மெல்லியது என்பது சரி. குழாயை வெட்டச் சொல்வது பிழை. பாண்ட்பாஸ் பெட்டியில் இடத்தின் உயரம் முதலில் தொடுவது குழாயை அல்ல, யாரும் கவனிக்காத பின்னறையை. அது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பெட்டிக்குள் இருக்கும் இரண்டு அறைகள்

சாதாரண சப்வூஃபர் பெட்டியில் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தெரியும். பாண்ட்பாஸ் பெட்டியில் தெரியாது. பெட்டியின் நடுவே ஒரு தடுப்புப் பலகை இருக்கும். ஸ்பீக்கர் அதில் பொருத்தப்பட்டிருக்கும். தடுப்புக்குப் பின்னால் காற்றுப் புகாமல் மூடிய அறை, முன்னால் குழாய் பொருத்திய அறை. கேட்கும் ஒலி முழுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. இரண்டு அறைகளிலும் குழாய் வைக்கும் வகையும் உண்டு. அதைச் சரிசெய்வது இன்னும் சிக்கல், ஆதலால் இக்கட்டுரை பின்னறை மூடிய வகையோடு நிற்கிறது. வீட்டில் அடிக்கப்படும் பெட்டிகளுக்கு ஏற்றதும் அதுவே.

இந்த அமைப்பில் இரண்டு பரிவுகள் உள்ளன. பரிவு என்றால் ஒரு பொருள் தனக்கே உரிய மீடிறனில் மிக எளிதாக அதிர்வது. மீடிறன் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற எண். அதிர்வெண் என்றும் சொல்வார்கள், அலகு ஹேர்ட்ஸ்.

முதலாவது, பின்னறைப் பரிவு. கூம்பு ஒரு திணிவு. அதைத் தாங்கும் விளிம்பு ஒரு சுருள்வில். பின்னறைக்குள் அடைபட்ட காற்று இன்னொரு சுருள்வில். இரண்டு வில்களும் சேர்ந்து கூம்பை இழுப்பதால், ஸ்பீக்கரைத் திறந்தவெளியில் வைத்தபோது இருந்ததைவிட அதன் பரிவு மீடிறன் உயர்கிறது.

இரண்டாவது, முன்னறைக் குழாயின் பரிவு. குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரே கட்டியாக முன்னும் பின்னும் போய்வருகிறது. அது திணிவு. முன்னறைக் காற்று அதற்கு வில்.

இந்த இரண்டு பரிவுகளும் ஒரே மீடிறனில் விழுந்தால் பெட்டி அந்த மீடிறனின் இரு பக்கமும் ஒரு பட்டை அகலத்துக்குச் சீராக ஒலிக்கும். மேலும் கீழும் சத்தம் சரியும். பாண்ட்பாஸ் என்ற பெயர் இந்தப் பட்டையைத்தான் குறிக்கிறது. இரண்டும் விலகினால் பட்டை சாய்ந்துவிடும்: ஒரு சுருதி மட்டும் வீங்கும், மற்றது மெலியும். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் இடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போத்தல் வாயில் ஊதும்போது

வெறும் சோடாப் போத்தலின் வாயில் குறுக்காக ஊதினால் ஒரு தாழ்ந்த ஊதல் வரும். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஊதினால் சுருதி ஏறும், ஏனென்றால் உள்ளே காற்றின் கனவளவு குறைந்து வில் இறுகிவிட்டது. கழுத்து நீண்ட போத்தலில் சுருதி இறங்கும், அங்கே திணிவு கூடிவிட்டது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய கலங்களை வைத்து ஒலியைப் பிரித்து ஆராய்ந்ததால், இவ்வகைப் பரிவு அவர் பெயராலேயே வழங்குகிறது. முன்னறையும் குழாயும் சேர்ந்தால் அதுவும் ஒரு போத்தல்தான்.

அதிலிருந்து வரும் சூத்திரத்தைச் சொற்களில் எழுதினால் இப்படி இருக்கும். விட்டமும் நீளமும் சென்ரிமீற்றரில், கனவளவு லீற்றரில்:

குழாய் நீளம் = (23,562 × விட்டம் × விட்டம்) ÷ (மீடிறன் × மீடிறன் × முன்னறைக் கனவளவு) − (0.73 × விட்டம்)

கடைசியில் கழிக்கும் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழாயின் இரு வாய்க்கும் வெளியே சிறிது தூரம் வரை உள்ள காற்றும் குழாய்க் காற்றோடு சேர்ந்தே அசைகிறது. அதாவது குழாய் தன் உண்மையான நீளத்தைவிட நீளமாக நடந்துகொள்கிறது. அந்த மேலதிகத்தை முன்கூட்டியே கழித்துவிட வேண்டும். ஒரு வாய் பலகையோடு சமமாகவும் மற்றது உள்ளே தொங்கலாகவும் இருக்கும் வழக்கமான பொருத்தலுக்கு 0.73 பொருந்தும்.

ஓர் உதாரணப் பெட்டி

ஸ்பீக்கரின் விவரத்தாளில் மூன்று எண்கள் தேவை. திறந்தவெளிப் பரிவு மீடிறன் (தாளில் எஃப்-எஸ்), ஈடான கனவளவு (வீ-ஏ-எஸ்), மொத்தத் தணிப்பெண் (கியூ-டி-எஸ்). இவற்றுக்கு நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மோல் என்ற இருவரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. தீல் 1961இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய கணக்கை ஸ்மோல் 1970களில் விரித்தார். மூன்றில் ஈடான கனவளவு என்பதை நினைவில் வையுங்கள். மலையில் சிக்கல் வருவது அதனால்தான். ஸ்பீக்கரின் விளிம்பு எவ்வளவு நெகிழ்வோ அவ்வளவு நெகிழ்வைத் தரக்கூடிய காற்றின் கனவளவே அது.

10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு அந்த எண்கள் 30 ஹேர்ட்ஸ், 60 லீற்றர், 0.40 என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 52.5 ஹேர்ட்ஸ். தரமான சூத்திரங்களின்படி பின்னறை 29.1 லீற்றர், மேடுபள்ளம் இல்லாத பட்டைக்கு முன்னறை 18.8 லீற்றர். பின்னறைப் பரிவைச் சரிபார்க்க ஒரு சிறு கணக்கு போதும்: 60ஐ 29.1ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 30ஆல் பெருக்கினால் 52.5 வரும்.

குழாய்க்கு வன்பொருள் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீற்றர் பீ.வீ.சீ. குழாயை எடுப்போம். 110 என்பது வெளிவிட்டம். சுவரின் தடிப்பைக் கழித்தால் உள்விட்டம், குழாயின் வகையைப் பொறுத்து, ஏறக்குறைய 10.4 சென்ரிமீற்றர். சூத்திரத்தில் போட்டால் 49.2, அதிலிருந்து 7.6 கழிய, நீளம் 41.6 சென்ரிமீற்றர்.

கணக்கு எங்கே வழுக்குகிறது

மலைக்குப் போவதற்கு முன்பே, கடல்மட்டத்திலேயே இந்தப் பெட்டி கெட்டுப்போக வழிகள் உண்டு. கெடுதலின் அளவின்படி வரிசைப்படுத்தினால்:

1. குழாய் விழுங்கும் இடம். 41.6 சென்ரிமீற்றர் குழாய் முழுவதும் முன்னறைக்குள் இருந்தால் அது ஏறக்குறைய 4 லீற்றரை விழுங்கிவிடும். பலகையை 18.8 லீற்றருக்கு வெட்டியிருந்தால் மிஞ்சுவது 14.8தான். பரிவு 52.5இலிருந்து 59 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஸ்பீக்கரின் காந்தம் முன்னறைப் பக்கம் இருந்தால் அதன் இடமும் போகும். முன்னறையை 22.8 லீற்றருக்கு அடித்தால்தான் 18.8 கிடைக்கும்.

2. வாய்த் திருத்தத்தை மறப்பது. 7.6 சென்ரிமீற்றரைக் கழிக்காமல் 49.2க்கே வெட்டினால் பரிவு 49 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்.

3. நான்கு அங்குலக் குழாய் என்ற பெயரை நம்பி விட்டம் 10 என்று போடுவது. அப்போது கணக்கு 38 சென்ரிமீற்றர் என்று சொல்லும். உண்மையான 10.4 குழாயை அந்த நீளத்துக்கு வெட்டினால் 54.4 ஹேர்ட்ஸ் வரும். குழாயைக் கடையிலேயே அளந்து பாருங்கள்.

ஒரு வேடிக்கை: முதலாவது பிழையும் இரண்டாவதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் செய்தவரின் பெட்டி சில வேளை இலக்குக்கு அருகில் போய் நிற்கும். அவர் தன் முறையைச் சரியென்று நம்பி, அடுத்த பெட்டிக்கும் அதையே செய்வார். அடுத்த பெட்டியில் குழாய் விழுங்கும் இடம் வேறு.

மறுபுறம், மில்லிமீற்றருக்காக அடித்துக்கொள்ளத் தேவையில்லை. இந்தப் பெட்டியில் குழாயை ஒரு சென்ரிமீற்றர் வெட்டினால் பரிவு அரை ஹேர்ட்ஸ்தான் நகரும். காதுக்கு அது தெரியாது.

மலையேறும்போது மாறுவதும் மாறாததும்

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டன் 1270, நுவரெலியா 1868. நுவரெலியாவில் வளி அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம். ஹட்டனில் 86, கண்டியில் 94.

அடைபட்ட காற்று எவ்வளவு இறுக்கமான வில் என்பது அதன் அமுக்கத்தைப் பொறுத்தது. அமுக்கம் 20 சதவீதம் குறைந்தால் வில்லும் 20 சதவீதம் தளர்கிறது. இனி இதை இரண்டு அறைகளிலும் பொருத்திப் பாருங்கள்.

முன்னறையில் வில்லும் காற்று, திணிவும் காற்று. உயரத்தில் வில் தளரும் அதே விகிதத்தில் குழாய்க் காற்றின் திணிவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்தே மெலிவதால் பரிவு அசையாது. நுவரெலியாவிலும் குழாய் 52.5 ஹேர்ட்ஸிலேயே நிற்கும். மெல்லிய காற்றுக்காகக் குழாயை வெட்டுவதில் பொருளில்லை என்பது இங்கேயே முடிவாகிவிட்டது.

ஒரு சிறு விலக்கு உண்டு, அது உயரத்தால் அல்ல, குளிரால். ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 28 பாகையில் செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர், 16 பாகையில் 341. நுவரெலியாக் குளிரில் குழாயின் பரிவு ஒரு ஹேர்ட்ஸ் அளவு இறங்கும். வெட்டச் சொல்பவர்களுக்கு ஆதரவாக இருப்பது அதற்கு ஈடான இரண்டு சென்ரிமீற்றர் மட்டுமே.

பின்னறையின் கதை வேறு. அங்கே திணிவு காற்றல்ல, கூம்பு. காகிதமும் செம்பும் சேர்ந்த அது மலையேறினாலும் இறங்கினாலும் அதே எடைதான். வில் மட்டும் தளர்கிறது. ஆகவே பின்னறைப் பரிவு இறங்கியே தீரும். இதையே ஈடான கனவளவின் மொழியிலும் சொல்லலாம்: காற்று தளர்ந்துவிட்டதால், விளிம்பின் நெகிழ்வுக்கு ஈடாக முன்பைவிடக் குறைந்த கனவளவே போதும். தாளில் 60 லீற்றர் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் நுவரெலியாவில் 48 லீற்றர் ஸ்பீக்கராகிவிடுகிறது. தாளைப் பிழை என்று சொல்ல முடியாது. அதை எழுதியவர் மலையில் இருக்கவில்லை.

உதாரணப் பெட்டியின் பின்னறைப் பரிவை இடம் இடமாகக் கணக்கிட்டால், கொழும்பில் 52.5, கண்டியில் 51.4, ஹட்டனில் 50, நுவரெலியாவில் 48.8 ஹேர்ட்ஸ். குழாய் 52 ஹேர்ட்ஸ் அருகில் நிற்க, பின்னறை 49க்குக் கீழே இறங்கிவிட்டது. கடல்மட்டத்தில் பொருந்தியிருந்த இரண்டும் மலையில் விலகிவிட்டன. இந்த நிலையில் குழாயை இரண்டு அங்குலம் வெட்டினால் அது 55 ஹேர்ட்ஸுக்கு ஏறும், விலகல் இரட்டிப்பாகும். நோயாளிக்குக் குளிர் என்றதும் போர்வையை உருவுவது போன்ற வைத்தியம் அது.

முறைப்பாட்டில் இன்னொரு உண்மைத் துண்டும் இருக்கிறது. கூம்பு அதே தூரம் அசைந்தாலும், அடர்த்தி குறைந்த காற்றில் எழும் ஒலி அமுக்கம் குறைவு. நுவரெலியாவின் உயரத்தையும் குளிரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் தெரியும், கொழும்பில் கேட்டதை நினைவில் வைத்து நுவரெலியாவில் ஒப்பிட்டால் தெரியாது. முனகலுக்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

என்ன செய்யலாம்

கீழ்நாட்டு அளவில் பெட்டி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால், குழாயை நீட்டிப் பின்னறையோடு பொருத்துவதே எளிய வழி. உதாரணப் பெட்டியைக் கொழும்பின் 41.6 சென்ரிமீற்றரிலிருந்து ஹட்டனில் 46 வரையும், நுவரெலியாவில், குளிருக்கான திருத்தமும் சேர்த்து, 48 வரையும் நீட்ட வேண்டியிருக்கும். நீட்டும் பகுதி உள்ளே போனால் அதுவும் முன்னறையை விழுங்கும் என்பதால், முடிந்தால் வெளியே நீட்டுவது நல்லது. பட்டை கொஞ்சம் கீழே இறங்கும். பேஸ் பிரியர்கள் அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார்கள்.

புதிதாக அடிப்பவர் இரண்டு அறைகளையும் அமுக்கத்தின் விகிதத்தில் சுருக்கலாம். நுவரெலியாவுக்குப் பின்னறை 23.3 லீற்றர், முன்னறை 15 லீற்றர். இலக்கு அதே 52.5 ஹேர்ட்ஸ். முன்னறை சிறுத்துவிட்டதால் அதே குழாய் இப்போது 53 சென்ரிமீற்றர் நீள வேண்டும். பெட்டி சிறியது, குழாய் பெரியது. 15 லீற்றர் அறைக்குள் 53 சென்ரிமீற்றர் குழாய் நேராகப் போகாது. முழங்கைத் துண்டு வைத்து வளைக்கலாம். வளைவின் நடுக்கோட்டு வழியாக நீளத்தை அளக்க வேண்டும். உள்வாய்க்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டம் அளவு இடைவெளி விட வேண்டும். அல்லது 75 மில்லிமீற்றர் குழாய்க்கு மாறலாம். நீளம் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஆனால் அதற்கு வேறொரு விலை உண்டு. அது பின்னால் வருகிறது.

கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அளந்து பார்ப்பது

இதுவரை சொன்னவை விவரத்தாள் உள்ள ஸ்பீக்கருக்கு. நகரக் கடைகளில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பெட்டியில் அச்சிட்ட வொட் எண்ணைத் தவிர வேறெந்த விவரமும் இல்லாமல் வருகின்றன. அந்த வொட் எண்ணும் பெரும்பாலும் அலங்காரம்தான். அதனால் பாதகமில்லை. பெட்டி எங்கே ஒலிக்கப் போகிறதோ அங்கேயே பின்னறைப் பரிவை அளந்து, குழாயை அந்த எண்ணுக்கு இழுத்துவிட்டால் உயரம், குளிர், தாளின் பொய் எல்லாம் தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

அளக்க உதவுவது இம்பீடன்ஸ். ஆடலோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு அது. மீடிறனுக்கு மீடிறன் மாறும். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் தன் பரிவு மீடிறனில் 30 ஓமுக்கு மேலும் காட்டும். தேவைப்படுபவை: ஒற்றை மீடிறனை ஒலிக்கச் செய்யும் செயலி உள்ள கைபேசி, அம்ப்ளிஃபயர், 100 ஓம் 5 வொட் தடை ஒன்று, மல்டிமீற்றர்.

1. தடையை ஸ்பீக்கரோடு தொடராக இணையுங்கள். அம்ப்ளிஃபயரின் வெளியீடு 10 வோல்ட் அளவில் போதும். மல்டிமீற்றரை ஆடலோட்ட வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு இடையே அளவுங்கள். மலிவான மீற்றர்களில் மிகச் சிறிய ஆடலோட்ட வீச்சே 200 வோல்ட்டாக இருக்கும். தசமத்தின் ஒரு தானம்தான் காட்டும். உச்சியைக் கண்டுபிடிக்க அதுவும் போதும்.

2. பின்னறையை முழுதாக மூடி, முன்னறையின் முன்பலகையைக் கழற்றிவிடுங்கள். 20 ஹேர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹேர்ட்ஸாக ஏற்றிச் செல்லுங்கள். வோல்ட் ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, இறங்கும். அந்த உச்சியே பின்னறைப் பரிவு. குறித்துக்கொள்ளுங்கள்.

3. முன்பலகையை மூடி, கணக்கில் வந்ததைவிட 10 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டிய குழாயைப் பசை போடாமல் செருகுங்கள். மீண்டும் 20இலிருந்து ஏறுங்கள். இப்போது ஓர் உச்சிக்குப் பதில் இரண்டு உச்சிகள் வரும், இடையே ஒரு பள்ளம். பள்ளத்தின் அடி எந்த மீடிறனில் விழுகிறதோ அதுவே குழாயின் பரிவு.

4. பள்ளம், குறித்துவைத்த எண்ணுக்குக் கீழே இருக்கும். குழாயை ஒவ்வொரு சென்ரிமீற்றராக வெட்டி, இரண்டும் ஒன்றாகும் வரை திரும்ப அளவுங்கள். இந்த இடத்தில்தான் வெட்டுவது சரி.

வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால்தான் நீளமாகத் தொடங்குகிறோம். கைதவறி அதிகம் வெட்டிவிட்டால் குழாய்களை இணைக்கும் சொக்கட் ஒன்றை மாட்டி ஒரு துண்டு சேர்க்கலாம், பீ.வீ.சீ. குழாயின் அருமை அதுதான்.

கைபேசியின் ஒலிவாங்கியை வைத்து இதைச் செய்ய முயலாதீர்கள். கைபேசிகள் பேச்சைத் தெளிவாக்கத் தாழ்ந்த சுருதிகளைத் தணித்துவிடுகின்றன. 50 ஹேர்ட்ஸ் பகுதியில் அவை காட்டும் கோட்டை நம்ப முடியாது. இன்னொன்று: வீட்டு மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ். கைபேசியை சார்ஜரில் மாட்டிக்கொண்டு அளந்தால் மின்னிரைச்சல் உள்ளே புகுந்து, ஹட்டன் பெட்டியின் இலக்கிலேயே ஒரு போலி உச்சியை எழுப்பக்கூடும். கழற்றிவிட்டு அளவுங்கள்.

குழாய் சீறும்போது

75 மில்லிமீற்றர் குழாயின் விலை இதுதான். அதன் உட்பரப்பளவு 110 மில்லிமீற்றர் குழாயின் உட்பரப்பளவில் பாதிகூட இல்லை. அதே அளவு காற்று போய்வர வேண்டுமானால் வேகம் இரட்டிப்பாகும். குழாய் வாயில் காற்றின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றரைத் தாண்டினால் சீறல் கேட்கத் தொடங்கும் என்பது வடிவமைப்பாளர்களின் கைக்கணக்கு. பாண்ட்பாஸ் பெட்டியில் ஒலி முழுவதும் குழாய் வழியாகவே வருவதால் இது மற்றப் பெட்டிகளைவிட இங்கே கடுமை. வாயின் விளிம்பை உருட்டிவிட்டால் சற்றுக் குறையும். பெரிய குழாயும் முழங்கையும் வைக்க இடமிருந்தால் சிறிய குழாயின் பக்கமே போகாமல் இருப்பது மேல்.

நீண்ட குழாய்க்கும் ஒரு பழக்கம் உண்டு. புல்லாங்குழல்போல அது தன் நீளத்துக்கான சுருதியையும் பாடும். 41.6 சென்ரிமீற்றர் குழாய்க்கு அது 350 ஹேர்ட்ஸ் பக்கம் விழும், ஆண்குரலின் நடுவே ஒரு ஊளைபோல. தாழ்ந்த மீடிறன்களை மட்டும் விடும் அம்ப்ளிஃபயரின் லோபாஸ் வடிகட்டியை 80 அல்லது 100 ஹேர்ட்ஸில் வைத்தால் அடங்கிவிடும்.

பலகை பற்றி ஒரு வார்த்தை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும் ஊர்களில் எம்.டி.எஃப். பலகை ஈரத்தை உறிஞ்சி மூட்டுகளில் ஊதிவிடும். பின்னறையில் ஊசிமுனைக் கசிவு வந்தாலும் மூடிய அறை மூடியதாக இருக்காது, அளந்து வைத்த பரிவுக்கும் பொருளிருக்காது. பிளைவூட் செலவு கூடியது. ஆனாலும் இங்கே அதற்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. உள்மூட்டுகள் அனைத்திலும் சிலிக்கன் இழுத்துவிட வேண்டும்.

பொருந்தாத பெட்டியின் மறைந்த ஆபத்து

மற்றப் பெட்டிகளில் ஸ்பீக்கர் திணறினால் காதுக்குத் தெரியும்: கரகரப்பு, தட்டல், உடைந்த ஒலி. இந்தச் சத்தங்கள் உயர்ந்த மீடிறனில் இருப்பவை. பாண்ட்பாஸ் பெட்டியின் முன்னறை அவற்றை வடிகட்டிவிடுகிறது. ஸ்பீக்கர் உள்ளே அழுதாலும் வெளியே கேட்காது. குழாய் பொருந்தாததால் சத்தம் குறைய, அதை ஈடுகட்ட அம்ப்ளிஃபயரை ஏற்ற, மேலதிக மின்வலு முழுவதும் கூம்பை அசைக்கும் செம்புச் சுருளான வொய்ஸ் கொயிலில் வெப்பமாக இறங்குகிறது. மூடிய பின்னறையில் அந்த வெப்பம் வெளியேறவும் வழி குறைவு. திருவிழாவின் இரண்டாம் நாள் இரவு எரிந்த வாசனை வந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது.

இதையும் அதே மல்டிமீற்றரால் பிடிக்கலாம். செம்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. பாட்டுத் தொடங்குமுன் ஸ்பீக்கர் முனைகளில் ஓம் அளந்து வையுங்கள், 3.4 என்று வைத்துக்கொள்வோம். உரத்த பாட்டு ஒன்று முடிந்ததும் அம்ப்ளிஃபயரை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, உடனே அளவுங்கள். கொயில் சூடாறுவது வேகமாக நடக்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. 4.7 காட்டினால் கொயில் 100 பாகை ஏறியிருக்கிறது.